கதவுப்பக்கத்துப் பீப்பா

இல்லைத் தம்பி, செருப்பைக் கழட்டாதையும். இது கோயிலில்லை. பீப்பா வைக்கிற அறை, நிலம் ஈரம், வழுக்கும். அந்தப் பெட்டியிலை இரும். உதிலையில்லை, உது உடைஞ்சது. ம்.

நேசமலர் மேலை நிக்கட்டும். தாயும் மகளும் ரெண்டு வரியத்துக் கதையைக் கதைச்சு முடிக்கட்டும். எனக்கு உம்மோடைதான் அலுவல்.

ஓம், உம்மோடைதான். பேச்சு விழுமெண்டு நினைச்சுக்கொண்டு வந்தனீர் போலை. உம்மைப் பேசிறதெண்டால் நீங்கள் கலியாணம் கட்டின அண்டைக்கே வெள்ளவத்தைக்கு வந்து பேசியிருப்பன். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன் கொன்ஸ்ரன்ரைன்ரை மகள், என்ரை மகள், கதிர்காமநாதன் எண்ட ஒரு சைவக்காரனோடை றெஜிஸ்ரர் பண்ணிப்போட்டாள் எண்டு கேட்டவுடனை வெளிக்கிட்டனான்தான். பஸ் கொள்ளுப்பிட்டி தாண்டுறதுக்கிடையிலை கோவம் ஆறிப்போச்சு. கோவமில்லாமல் அங்கை இறங்கி என்ன செய்யிறது? திரும்பி வந்திட்டன்.

சிரியும், சிரியும். இந்தாரும், பிடியும் இதை.

குடிச்சுப் பழக்கமில்லையெண்டு தெரியும். உம்மடை தேப்பன் தேவாரம் பாடிற மனிசன், அதுவும் தெரியும். இண்டைக்கு வெள்ளிக்கிழமையே? இல்லைத்தானே. பேந்தென்ன?

பொறும்! கள்ளு மாதிரி அண்ணாந்து ஊத்தாதையும். கிளாசைக் கையுக்கை பொத்தும். கைச்சூடு பட்டால்தான் மணம் எழும்பும். என்ன, ஐஸோ? ஐஸ் கேக்கிறவனை நான் வாசலோடை திருப்பிறனான்.

பார்லி வைன் எண்டு வெள்ளைக்காரன் பேர் வைச்சிருக்கிறான். வைனில்லை. காய்ச்சல்காரனுக்குக் குடுக்கிற பார்லித் தண்ணியுமில்லை. பியருக்கு மூத்த அண்ணன் எண்டு வையுமன். பியரைக் காய்ச்சி அடுத்த மாசம் குடிக்கலாம். இது ஒரு வரியம் பீப்பாவுக்கை படுக்கவேணும். ஆரும் தொடப்படாது. எங்கடை ஹோட்டலின்ரை பின்வளவிலைதான் காய்ச்சிறனான். கப்பலாலை இறங்கின ஒரு இங்கிலிஸ்காரன் பழக்கிவிட்டவன். அவன் குடிச்சே செத்துப்போனான், அது வேறை கதை.

இஞ்சை பாரும். சன்னல்பக்கம் ஒரு பீப்பா, கதவுப்பக்கம் ஒரு பீப்பா. ஒரே நாள், ஒரே அண்டா, ஒரே கை. மரம் மட்டும் வேறை. வாற கிழமை புது ராசாவுக்கு முடிசூட்டு. கொள்ளுப்பிட்டியிலை வெள்ளைக்காரற்றை கிளப்பிலை விருந்து. அதுக்கு ஒரு பீப்பா வேணுமாம். நாளைக்குக் காலமை கிளப்பிலையிருந்து வில்க்கின்ஸ் எண்டவன் வருவான். நான் திறக்கிற பீப்பாவிலை ஒரு வாய் குடிப்பான். தலையாட்டினால் சரி. மூஞ்சையைச் சுளிச்சால், இந்த அண்டாவைப் பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்துப்போட்டு மற்றவையள் மாதிரிப் போத்தில் பியர் வித்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். கிளப்பை விட்டால் இதை வேறை ஆர் இஞ்சை வாங்கிறது? சாராயம் குடிக்கிறவன் வாங்குவானே?

அதாலைதான் உம்மைக் கூப்பிட்டனான். உது சன்னல்பக்கத்துப் பீப்பாவிலை எடுத்தது. மணந்து பாரும்.

நல்ல மணமோ? நல்ல மணமெண்டால் எனக்கு என்ன விளங்கும்? மல்லிகைப்பூவும் நல்ல மணந்தான். ஒரு சாமான்ரை பேரைச் சொல்லும்.

எது, பனம்பழப் பினாட்டோ? ஆஹா! வில்க்கின்ஸ் முந்திரிகைப்பழ வத்தல் எண்டுவான், பரவாயில்லை. அவன் யாழ்ப்பாணம் போகேல்லை. இப்ப ஒரு வாய். விழுங்காதையும், நாக்கிலை உருட்டும். ம், சக்கரை போட்டுக் கிண்டிற தொதலோ? அடி பிடிச்ச தொதல். சரி. விழுங்கும். கடைசியிலை கசக்குதோ? கசக்கவேணும், அது ஹொப்ஸ் எண்ட பூ. நெஞ்சு சுடுதோ? சுடட்டும், சுடட்டும். உமக்கு நல்ல நாக்குத் தம்பி. நேசமலர் சமைச்ச சோத்தை ரெண்டு வரியம் சாப்பிட்டும் அது பழுதாப்போகேல்லை.

அவளிட்டைச் சொல்லாதையும்.

இந்தாரும், இது கதவுப்பக்கத்துப் பீப்பா. அவசரப்படாதையும். முதல் மூக்கு.

என்ன, முகம் ஒரு பக்கம் கோணுது? மாமன் மனம் நோகுமெண்டு பாக்காதையும். சொல்லும்.

சாக்கோ? என்ன சாக்கு?

மழையிலை நனைஞ்ச சாக்கு. ம். வடிவாத் தெரியுமோ? ஓமோம், நீர் றெயில்வே கூட்ஸ் ஷெட்டிலை கிளாக்கர், உமக்குத் தெரியாமல் ஆருக்குத் தெரியும். எண்டாலும் இன்னொருக்கால். கண்ணை மூடும். கள்ளக்கண் பாக்கப்படாது. நான் கிளாசை மாத்தி மாத்தித் தருவன்.

இது? தொதல். சரி. இது? சாக்கு. ம். இது? திரும்பவும் சாக்கு எண்டுறீர். அதே கிளாசைத்தான் தந்தனான், ஏமாறுவீரெண்டு பாத்தன். ஏமாறேல்லை. கண்ணைத் திறவும்.

அப்ப மரத்திலைதான் பிழை. பூஞ்சணம் பிடிச்சிருக்கு. ஒரு வரியம் பாத்த வேலை, போகட்டும். நல்ல காலம், சன்னல்பக்கம் தப்பிட்டுது. ஒண்டு காணும். கோவமோ? எனக்குக் கோவம் வந்தால் ஜிந்துப்பிட்டிக்குக் கேக்கும். கோவமில்லை. கதவுப்பக்கத்தை நானே நாளைக்குத் திறந்திருப்பன், அது கைக்குக் கிட்ட.

என்ன தயங்கிறீர்? நான் ஒருக்காக் குடிச்சுப் பாக்கவேணுமோ? நீர் பழக்கமில்லாத ஆள், பிழையாச் சொல்லியிருந்தால் ஒரு பீப்பா வீணாப்போகும் எண்டோ? நியாயந்தான்.

தாரும். இந்தா, குடிச்சிட்டன். மற்றதையும் தாரும். ம். குடிச்சிட்டன்.

ஒண்டுமில்லைத் தம்பி. ரெண்டும் ஒண்டு. இனிக்குது, கசக்குது, அவ்வளவுதான். மார்கழியிலை மூக்கடைச்சு ஒரு தடிமன் பிடிச்சது. தடிமன் போச்சு, மூக்கையும் கொண்டு போயிட்டுது. அண்டையிலையிருந்து எனக்கு மீன் பொரிச்சாலும் சரி, சாணகம் மெழுகினாலும் சரி. மனிசியின்ரை குழம்புக்கு வாசமில்லையெண்டு முந்தின மாதிரியே கத்திறனான், அதாலை அவளுக்குச் சந்தேகமில்லை.

டொக்ரரோ? பாத்தார். வந்தால் வருமாம். அதுக்கும் பீஸ் எடுத்தவர்.

ஆரிட்டைக் கேக்கிறது, சொல்லும். இஞ்சை பீப்பா கழுவிற சின்னராசாவிட்டை வாய் திறந்தால் பொழுது படமுன்னம் துறைமுகம் முழுக்கத் தெரியும், கொன்ஸ்ரன்ரைனுக்கு மூக்கில்லையாமெண்டு. பிறகு வில்க்கின்ஸ் வருவானே? மனிசி அறிஞ்சால் மெழுகுதிரியோடை அந்தோனியாரிட்டை ஓடுவாள். மகள் அழுவாள். அழுதால் எனக்குச் சமாளிக்கத் தெரியாது. மூண்டு நாளா இந்த ரெண்டு பீப்பாவுக்கும் நடுவிலை நிண்டு யோசிச்சனான். இதெல்லாம் வெளியாளிட்டைக் கேக்கிற விசயமே?

சரி, எழும்பும். அந்தப் பக்கத்தைப் பிடியும். கதவுப்பக்கத்துப் பீப்பாவைத் தண்ணி போற கானுக்கை சரிச்சுப்போட்டு மேலை போய்ச் சாப்பிடுவம்.