ஆயாக் கொட்டகைப் போன்

மழை பெய்தால் டெலிபோன் கரகரக்கும். சுங்கை சிப்புட் பக்கம் போன் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நீங்கள் டவுனில் இருப்பவர், இன்ஸ்பெக்டர், உங்களுக்கு அந்தத் தொல்லை இருக்காது. எனக்கு இருந்தது. சரிசெய்துகொண்டேன். நடந்தது அவ்வளவுதான். முதலிலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள், சொல்கிறேன்.

நான் இந்த ரப்பர் தோட்டத்தின் பெரிய கிராணி. ஆபீஸ் முழுவதும் என் பொறுப்பு. மனைவி இல்லை, தனியாகத்தான் இருக்கிறேன். மேட்டிலுள்ள என் வீட்டுக்கு மட்டும்தான் முன்பு போன் இருந்தது. எழுபத்தாறில் யூனியன்காரர்கள் மல்லுக்கட்டி, அதே கம்பியைக் கீழே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கும் இழுக்க வைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகையில், அவசரத்துக்கென்று ஒரு போன். ஒரே நம்பர், இரண்டு இடம்.

அவர்களுக்கு எது அவசரம்? கோழி காணாமல் போனால் போன். காம்பாரில் இருக்கிற மச்சான் சாப்பிட்டானா என்று கேட்கப் போன். அதையும் ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவனைக் கூப்பிடுவதுபோல் கத்திக் கேட்பார்கள். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற கூட்டம். நீங்களும் தோட்டத்துப் பிள்ளைதான் என்று கேள்வி, கோபிக்க வேண்டாம்.

என் மகன் சதாசிவம் லண்டனில் சட்டம் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் கூப்பிடுவான். அந்தக் குரலுக்காகத்தான் வாரம் முழுவதும் இந்தக் காட்டில் உட்கார்ந்திருந்தேன். அவன் "அப்பா" என்பான். உடனே கீழே எவனாவது ரிசீவரை எடுப்பான். ஒரு கம்பியில் இரண்டு போனை எடுத்தால் சத்தம் பாதியாகும் என்பது அந்த மண்டைகளுக்கு ஏறாது. போதாக்குறைக்கு, ஆயாக் கொட்டகைக் கூரையோரம் கம்பி ஒட்டுப்போட்ட இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கும். கரகரப்பு அங்கிருந்துதான் வந்தது.

அதனால் கம்பி என் வீட்டைத் தாண்டிக் கீழே போகிற இடத்தில் ஒரு சுவிட்ச் வைத்தேன். அதைத் தட்டினால் கீழ்ப் போன் செத்துவிடும். என் போனில் சதாசிவம் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் கேட்பான். மற்ற நாட்களில் அதை நான் தொட்டதில்லை. ஞாயிறு மாலையில் மட்டும்தான்.

லயத்து ஆட்களிடம் சொல்லியும் வைத்திருந்தேன். போனில் சத்தமே இல்லாவிட்டால் பெரிய கிராணி பேசுகிறார் என்று அர்த்தம், வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று. ஒருவனாவது ஏன் என்று கேட்டிருக்க வேண்டாமா? பால்வெட்டுக்குப் போகாத பிள்ளைகள்கூட அதை மனப்பாடம் செய்துகொண்டன.

அன்று ஞாயிறு. தோட்டத்து லாரி ஒரு கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு லூமுட் போயிருந்தது. பத்துமலையின் மனைவி பாப்பாவுக்குக் குழந்தை பிறந்து, ரத்தம் நிற்கவில்லை. ஆம்புலன்சைக் கூப்பிட ஆயாக் கொட்டகைக்கு ஓடியிருக்கிறார்கள். போனில் சத்தம் இல்லை. நான் பேசுகிறேன் என்று சுற்றி உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். அப்படியும் சரிப்படாமல் பத்துமலை மேட்டுக்கு ஏறி வந்தான்.

என் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். நான் ரிசீவரைக் காதில் வைத்திருந்தேன். எனக்கு இடைஞ்சலாகிவிடுமாம், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான்.

"ஐயா, பாப்பாவுக்கு ரத்தம் நிக்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடணும்லா."

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டேன். "லண்டன்லேருந்து தம்பி பேசுறான். கொஞ்சம் பொறு."

"சரிங்க ஐயா. தம்பிய நான் கேட்டேன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு ரம்புத்தான் மரத்தடியில் போய்க் குந்தினான். நீங்களே சொல்லுங்கள். பெண்டாட்டி செத்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஆண்பிள்ளை குந்துவானா? நான் கதவைத் தாழ் போடவில்லை. உள்ளே வந்து என் கையிலிருந்து பிடுங்கியிருக்கலாம். நான் கிழவன், தடுத்திருக்க முடியாது. அவன் வரவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சிரித்தபோது அவனும் லேசாகச் சிரித்தான். இப்படிப்பட்டவனுக்காக யூனியன் போன் வாங்கித் தருகிறது.

நான் இங்கிலீஷில் பேசினேன். அங்கே குளிரா என்று கேட்டேன், பரீட்சையைப் பற்றிக் கேட்டேன். இடையில் கீழேயிருந்து ஒரு பெண்ணின் அழுகை கேட்டது, பிறகு பலருடையது. பத்துமலை எழுந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான். அப்போதும் என்னிடம் தலையசைத்துவிட்டுத்தான் ஓடினான். அதன்பிறகு ரிசீவரை வைத்தேன், சுவிட்சைப் பழையபடி போட்டேன். அந்த நேரம் பார்த்து போன் அவர்களுக்குக் கிடைத்தது.

சுவிட்சைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், மறுக்கவில்லை. எக்ஸ்சேஞ்சிலும் கேட்டிருப்பீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

ஆமாம். அன்று லண்டனிலிருந்து போன் வரவில்லை. அதற்கு முந்தைய ஞாயிறும் இல்லை. தீபாவளிக்குப் பிறகே அவன் கூப்பிடவில்லை. நான் சுவிட்சைத் தட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பத்துமலை மேடேறி வருவது ஜன்னலில் தெரிந்தது, ரிசீவரை எடுத்தேன். பெரிய கிராணியின் மகன் அப்பனை மறந்துவிட்டான் என்று லயத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். அந்த வாய்களில் என் மகன் பெயர் அரைபடுவதா? எடுத்த ரிசீவரை உடனே வைத்தாலும் சந்தேகப்படுவார்கள், அதனால் வழக்கம்போல் நீளமாகவே பேச வேண்டியிருந்தது.

கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பத்துமலையிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். அவன் பெண்டாட்டி லண்டன் போனுக்காகச் செத்தாள் என்றாவது அவன் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.