என் தேன் புளித்ததென்று சொன்னவருக்கு

கொட்டும் தேனீக்களைவிட அதிகமாகக் கேள்விகளால் கொட்டும் எங்களைக் கோபிக்காமல் தாங்கி, இந்தத் தேனீ வளர்ப்போர் சங்க ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் தம்பிதுரை அய்யா அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! பொள்ளாச்சியிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் பஸ் மாறிப் பஸ் ஏறி வந்திருக்கும் பெரியோர்களே! அடுக்களையில் அடுப்பையும் புழக்கடையில் தேன்பெட்டியையும் ஒருசேரக் காக்கின்ற தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ஷேக் பரீதின் பணிவான வணக்கம்.

வண்டுப் பொறி செய்தேன் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். லேத் பட்டறையில் இரும்பு கடைகிறவனுக்கு இத்தனை பெரிய மேடையா! நன்றி. நெஞ்சு நிறைந்த நன்றி. ஆனால் இந்த நன்றி போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. என்ன தலைவரே, சுருக்கமாகவா? சாம்பார் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

என் வீட்டுப் புழக்கடையில் மூன்று பெட்டிகள் வைத்திருந்தேன். நம் கொங்கு மண்ணில் விருந்தாளி வந்தால் என்ன செய்வோம்? தண்ணீர் கொடுப்போம், காப்பி கொடுப்போம், சாப்பிடாமல் போகக் கூடாது என்போம். நான் கூடுதலாகப் பெட்டியையும் திறந்து காட்டினேன். சம்பந்தி வந்தாலும் திறந்தேன். சிலிண்டர் போட வந்தவருக்கும் திறந்தேன்! அங்கேதான் வினை. மிளகைவிடச் சற்றே பெரிய கறுப்பு வண்டு ஒன்று உள்ளே புகுந்திருந்தது. தேனீக்கள் அதை மூலையில் முடக்கி, முறை வைத்துக் காவல் காத்திருக்கின்றன. நான் மூடியைத் தூக்க, காவல் கலைய, வண்டு தேனடைக்குள் ஓடி முட்டையிட்டது. முட்டை புழுவானது. புழு தேனைப் புளிக்க வைத்தது.

நாற்றம் வந்ததா? வந்தது, அழுகிய ஆரஞ்சுப் பழம்போல! என் மூக்குக்கு எட்டியதா? இல்லை, அது பட்டறைப் புகையில் பழகிய மூக்கு. வந்தவர்களுக்கு எட்டியதா? எட்டியது! ஒருவராவது சொன்னாரா? நக்கிப் பார்த்துவிட்டு, "அருமைங்க, இந்த மாதிரித் தேன் தின்னதே இல்லீங்க" என்றார்கள். உண்மைதானே, அந்த மாதிரித் தேனை யார் தின்றிருப்பார்கள்! சிரிக்கிறீர்கள். அன்றைக்கு வந்தவர்களில் நாலு பேர் இப்போதும் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள். என் துணைவியார் உம்மல் குல்சும்கூட, நான் வருந்துவேன் என்று வாய் திறக்கவில்லை. மரியாதை, மரியாதை, மரியாதை! அந்த மரியாதையிலேயே இரண்டு பெட்டித் தேனீக்கள் அடையை விட்டுப் பறந்துபோயின. வெயில் தாங்காமல் போயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மிஞ்சியது ஒரே ஒரு பெட்டி.

அப்போதுதான் அடுத்த தெரு ராசாத்தாள் அக்கா வந்தார். அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவர், அவரும் தேனீ வளர்க்கிறவர்.

"ஏனுங்க பாய், உங்க தேன் புளிச்சுப் போச்சுங்க. ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிப் பக்கம் போறப்பவே நாறுதுங்க."

எனக்கு வந்ததே கோபம்! "எல்லாரும் நல்லாருக்குதுன்னாங்களேங்க?"

"அவுங்க உங்களுக்கோசரம் சொன்னாங்க. நான் தேன்பூச்சிக்கோசரம் சொல்றனுங்க."

சொல்லிவிட்டுப் போகவில்லை, முந்தானையை இழுத்துச் செருகினார். புழு விழுந்த அடைகளைக் கொதிநீரில் போட வைத்தார். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் ஈரமண்ணில்தான் புழு இறங்கி வண்டாகிறது என்று கிளறிக் காட்டி, பெட்டியை வெயில் படும் சிமெண்டுத் தரைக்கு மாற்றினார். காலி அடுக்கை எடுத்துவிட்டு, பூச்சிகள் நெருக்கமாக இருக்கும்படி பெட்டியைச் சுருக்கினார். வண்டு நுழையும், தேனீ நுழையாத சந்து வைத்த எண்ணெய்ப் பொறி வேண்டும் என்றார். அதைத்தான் நான் பட்டறையில் வெட்டினேன். எண்ணெய் எடுக்கப் போனால் குல்சும், "ஏனுங்க, பலகாரம் சுடற எண்ணெயிலயா வண்டு பொரிக்கறீங்க?" என்றாள். மூன்றாம் வாரம் பொறியில் விழும் வண்டு குறைந்தது. என் கடைசிப் பெட்டி பிழைத்தது.

பெருமக்களே, இப்போது சொல்லப்போவதற்குத்தான் மேடையேறினேன். நன்றி சொல்ல அக்கா வீட்டுக்குப் போனேன். அவரிடம் இருந்தது ஒரே பெட்டி. அது கழுவிக் கவிழ்த்து வெயிலில் கிடந்தது. என் வீட்டு வண்டு பறந்து போய் அவர் பெட்டியைத் தின்றுவிட்டது!

"எப்பங்க்கா?"

"உங்ககிட்டச் சொல்ல வந்தனே, அதுக்கு நாலு நாள் முன்னாடிங்க."

"ஏங்க்கா சொல்லலே?"

"சொல்லியிருந்தா எம்பட பெட்டிக்கு வருத்தப்பட்டுட்டு உக்காந்திருப்பீங்க. உங்க பெட்டிய ஆருங்க பாக்கறது?"

அய்யோ! தன் கூடு அழிந்த நான்காம் நாள், அழித்தவன் கூட்டைக் காக்க வந்தாரே! திட்ட வாயிருந்தும் திட்டாமல், திருத்த வந்தாரே! இந்தப் பொன்னாடை யார் தோளுக்கு உரியது? சொல்லுங்கள், யார் தோளுக்கு?

மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அக்கா, எழுந்து போகாதீர்கள். அந்தக் கடைசிப் பெட்டி தழைத்து, பிரிக்கும் அளவுக்குப் பெருகிவிட்டது. பிரித்த பாதி, இளம் ராணியோடு, இன்று பொழுது சாயும்போது உங்கள் வீட்டுக்கு வருகிறது. மறுக்கக் கூடாது.

என்ன சொல்கிறார்? சத்தமாகச் சொல்லுங்கள் அக்கா... கேட்டீர்களா சபையோரே! "வண்டு இல்லாமக் கொண்டாங்க பாய்" என்கிறார்!

கைதட்டுங்கள், அவருக்காகத் தட்டுங்கள். நாளை என் வீட்டுக்கு வாருங்கள், தேன் தருகிறேன். புளித்திருந்தால் புளித்தது என்று என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அப்படிச் சொல்லப்போகும் அத்தனை வாய்களுக்கும் இன்றே என் நன்றி, வணக்கமுங்க!