ஆடினால் காலை எடு

பெயர் ஜெப்சன், வயது 43, தந்தை பெயர் ஞானதாஸ், தொழில் கார் மெக்கானிக், இருப்பு குலசேகரத்திலிருந்து திற்பரப்பு போகும் சாலையில் என் வொர்க்‌ஷாப்புக்குப் பின்புறமுள்ள வீடு. இந்த வழக்கில் காரை ஓட்டியவர் என் மனைவி ஜின்சி, வயது 38, தனியார் பள்ளி ஆசிரியை. விபத்தன்று நான் போலீசாரிடம் சொன்னது தவறு என்பதால், யாரும் அழைக்காமல் இன்று நானாக நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

நான் ஷார்ஜாவில் ஒன்பது வருடம் கார் வேலை பார்த்துவிட்டு வந்து, சொந்தமாக வொர்க்‌ஷாப் வைத்துப் பதினொரு வருடம் ஆகிறது. சென்ற மாதம் குடும்பத்துடன் பொன்முடி மலைக்குப் போய்விட்டு இறங்கும்போது, வளைவுகள் முழுவதும் நான் பிரேக்கை மிதித்தபடியே வந்து, கீழே வண்டிகள் வரிசையில் நின்றபோதும் காலை எடுக்காமல் மிதித்தே நின்றேன். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் சூடாக இருக்கும்போது அதைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பேடு அப்படி அழுந்தி நின்றால் அந்த இடத்தில் பேடின் பொருள் ஒட்டிக்கொள்ளும், அதன்பிறகு சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வரும்போது பிரேக் விட்டுவிட்டுப் பிடித்து ஸ்டியரிங் நடுங்கும். இதைச் சொல்லி வாடிக்கையாளர்களை ஏசுகிறவனே நான்தான்.

அதன்பிறகு நான்கு நாள் கழித்து ஜின்சி, நாற்பது வேகத்துக்கு மேல் போய் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காமல் ஆடுகிறது, பயமாக இருக்கிறது என்றாள். நான் பேடை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். முன்சக்கரங்களைக் கழற்றி, டிஸ்க் உட்காரும் இடத்துத் துருவைச் சுரண்டி, டிஸ்க்கின் ஆட்டத்தை அளந்து, லேத்தில் கொடுத்துச் சீவியிருக்க வேண்டும், கனம் குறைந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றியிருக்க வேண்டும், திரும்ப மாட்டும்போது வீல் நட்டுகளை ஒரே அளவில் முறுக்கியிருக்க வேண்டும். ஒரு மத்தியான வேலை. ஊரார் வண்டியெல்லாம் பார்க்கிறவனுக்கு வீட்டு வண்டியைப் பார்க்க நேரமில்லை. பழைய டிஸ்க்கோடு புதுப் பேடு சேராமல் நடுக்கம் கூடத்தான் செய்தது.

அதன்பிறகும் அவள் இரண்டு முறை சொன்னாள். கடைசி முறை வாடிக்கையாளர்கள் முன்னால் வைத்துச் சொன்னதால் எனக்குக் கோபம் வந்து, "ஏட்டி, ஒனக்கு பிரேக்க அமத்திச் சவிட்டத்தான் தெரியுமா? ஆடிச்சுன்னா ஒடனே கால எடு. பெறவு மெதுவா சவிட்டு" என்றேன். மெக்கானிக் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் போய்விட்டாள். பதினொரு நாள் அப்படியே ஓட்டிப் பழகினாள். அவள் புகார் சொல்லாததில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

இம்மாதம் 9-ம் தேதி காலை சுமார் 8.20 மணிக்குச் சத்தம் கேட்டுக் கடையிலிருந்து ஓடினேன். எங்கள் திருச்சபையில் மணி அடிக்கும் ரசலையன், வயது 66, சாலையில் கிடந்தார். அவர் வாங்கி வந்த மரச்சீனிக் கிழங்கு காருக்கு அடியில் சிதறிக் கிடந்தது. ஜின்சி இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், அவள் வலது கால் பெடலிலும் இல்லை, தரையிலும் இல்லை, அந்தரத்தில் நின்றது. ரசலையன் மருத்துவமனையில் 11 மணிக்கு இறந்துபோனார். மனைவியைக் காப்பாற்றுவதாக நினைத்து நான், பிரேக் பிடிக்கவில்லை, வண்டிக் கோளாறு என்று சொன்னேன். அவள், கால் வழுக்கிவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

அதன்பிறகு 12-ம் தேதி மோட்டார் வாகன ஆய்வாளர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே காரை அதே சாலையில் ஓட்டி, ரசலையன் குறுக்கே இறங்கியபோது கார் எங்கே வந்ததென்று சாட்சிகள் காட்டினார்களோ அங்கே பிரேக்கை முழுதாக மிதித்து, எடுக்காமல் பிடித்தார். ஸ்டியரிங் நடுங்கியது, சீட் நடுங்கியது, கண்ணாடி கடகடத்தது, கார் நின்றது. ரசலையன் அடிபட்ட இடத்தில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடு இன்னும் முன்னால் தள்ளி இருந்தது. நான் இறங்கிப் போய் அடிவைத்து அளந்தேன். பதினான்கு அடி. நம்ப முடியாமல் மறுபடியும் அளந்தேன். அங்கேயே சாலையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஜின்சியிடம் கேட்டபோது அவள், "ஆடிச்சு, கால எடுத்தேன். திரும்பச் சவிட்டுறதுக்குள்ள அவரு முன்னால வந்துட்டாரு" என்றாள். ஏன் போலீசாரிடம் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா இனி யாரு ஒங்ககிட்ட நம்பி வண்டி விடுவா?" என்றாள். எனக்கு வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடைக்கு என்ன வந்தாலும் வரட்டும் என்றுதான் வந்திருக்கிறேன்.

இதை எழுதி முடித்துச் சார்பு ஆய்வாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். இதன் தலைப்பில் அவர் எழுதிய வழக்குச் சுருக்கத்தில் 'பிரேக் செயல்படாததால்' என்று இருந்தது. அதை அடித்து, 'கணவர் சொல்லிக்கொடுத்தபடி பிரேக்கிலிருந்து காலை எடுத்ததால்' என்று எழுதச் சொல்லி, திருத்திய இடத்தில் தனியாகக் கையெழுத்துப் போட்டேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
ஜெப்சன்