மாப்பிள்ளை பெயரில் அறுபது கொலை

மூன்றே வாரத்தில் அறுபது கொலைகளை, ஒன்றில்கூடக் கண்ணயராமல், பட்டப்பகலில் உட்கார்ந்து பார்த்து முடித்தவன் நான். பக்கத்தில் ஒரு கிண்ணம் வறுத்த வேர்க்கடலை இருந்தது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. முப்பத்து நான்கு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து கடைத்தராசுகளில் கிராம் கிராமாகப் பிழை பிடித்தவன், ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து எதையும் கிலோவுக்குக் குறைத்துச் சொன்னதில்லை.

பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்கள் என்னைப் 'பட்டியல்' என்பார்கள். என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீட்டு இருக்கும். இந்த வாரம் டிவியில் எந்தத் தொடரைப் பார்க்கலாம், எந்த ஆவணப்படத்தை விடக்கூடாது என்று அதில் எழுதி வைத்திருப்பேன். ஆழ்கடல், பனிப்பாறை, பாலம் கட்டுவது, எறும்பு. என் தரம் அப்படி. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் என் பேச்சைக் கேட்டு, பனிப்பாறை உருகுவதை நாலு மணி நேரம் பார்த்துவிட்டு, மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

நான் அதில் முதல் பத்து நிமிடமும் கடைசிப் பத்து நிமிடமும்தான் பார்த்திருந்தேன். இடையில் தூக்கம். அதனால் எதைப் பரிந்துரைத்தாலும், "நடுவுல கொஞ்சம் தொய்வு. பொறுத்துக்கிட்டா பின்னாடி பிரமாதம்" என்று சொல்லிவைப்பேன். இந்த ஒரு வாக்கியம் எல்லா ஆவணப்படத்துக்கும் பொருந்தும். பெரும்பாலான கல்யாணங்களுக்கும் பொருந்தும்.

என்னை நம்பாத ஒரே ஆள் என் சம்பந்தி. காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரித்தவர். எரிந்த கிடங்கைக் காட்டினாலும், "எரிஞ்சதுக்கு ஆதாரம்?" என்று கேட்டுப் பழகியவர். பூங்காவில் அவர் பெயரே 'ஆதாரம்'. எங்கள் கட்டடத்திலேயே இரண்டு மாடி கீழே இருக்கிறார். எங்கள் வீட்டின் மாற்றுச் சாவி அவரிடம்தான் இருக்கும். புதன்கிழமைகளில் அவர் நூலகத்துக்குப் போய் வரலாறு படிப்பார் என்பது ஊரறிந்த சங்கதி.

இனி குற்றத்துக்கு வருகிறேன்.

நான் மகள் வீட்டில் இருக்கிறேன். மகள் பல் மருத்துவர். மாப்பிள்ளை லிஃப்ட் பழுதுபார்க்கும் பொறியாளர், தங்கமான மனிதர். டிவியில் ஒரே சந்தா, மூன்று ப்ரொஃபைல்: மகளுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று, எனக்கும் சம்பந்திக்குமாகப் 'பெரியவர்கள்' என்று ஒன்று. ஒரு திங்கட்கிழமை, எறும்புப் படம் தேடும்போது 'காணாமல் போன மனைவிகள்' என்ற தொடர் கண்ணில் பட்டது. கணவன்மார்கள் மனைவிகளைத் தீர்த்துக்கட்டிய கதைகள். சில பாகங்களில், மாறுதலுக்காக, வேறு யாராவது தீர்த்துக்கட்டியிருப்பார்கள். முதல் பத்து நிமிடம் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு முதன்முறையாகத் தூக்கம் வரவில்லை.

அதைப் 'பெரியவர்கள்' ப்ரொஃபைலில் பார்த்தால் சம்பந்தி கண்ணில் படும். மறுநாள் பூங்காவில் என் எறும்புகளின் மானம் கப்பலேறும். மாப்பிள்ளையோ டிவி பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். சும்மா கிடக்கிற ப்ரொஃபைல்தானே. அதில் பார்த்தேன்.

தினம் காலை பத்து மணிக்கு வீடு காலியாகும். பத்திலிருந்து ஒன்று வரை நான்கு பாகம். சனி ஞாயிறு விடுமுறை, ஒழுங்கு முக்கியம். ஒரு சின்ன விசித்திரம் மட்டும் இருந்தது. வியாழக்கிழமைகளில் டிவியைப் போட்டால், நான் செவ்வாய்க்கிழமை விட்ட இடத்திலிருந்து நான்கு பாகம் தள்ளி நிற்கும். வேர்க்கடலையும் குறைந்திருக்கும். ஒரு பாகம் முடிந்தால் அடுத்தது தானாக ஓடுமே, நாம்தான் பார்த்திருப்போம், வயசாகிவிட்டது, மறந்திருப்போம் என்று எடுத்துக்கொண்டேன். தூங்கியிருப்போம் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் தெரியாத்தனமாக மாப்பிள்ளையின் ப்ரொஃபைலைத் திறந்துவிட்டாள். 'காணாமல் போன மனைவிகள்', நாற்பது பாகம் பார்த்தாயிற்று. அதன் கீழே, 'நீங்கள் இதையும் விரும்பலாம்' என்று ஒரு வரிசை: வீட்டு விஷங்கள், தடயமில்லாத மரணங்கள், இரண்டாம் கல்யாணம்.

அவள் டிவியை அணைத்துவிட்டாள். மறுநாள் என்னிடம் மட்டும் கேட்டாள்.

"அப்பா, அவர் டிவியெல்லாம் எப்ப பாக்கறார்?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "நாம இல்லாத நேரமாப் பாத்துப் பாப்பாரோ என்னவோம்மா" என்றேன். கவனியுங்கள், அதில் ஒரு பொய்யும் இல்லை. 'என்னவோ' என்றுதான் முடித்திருக்கிறேன்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. தினமும் காலையில் மாப்பிள்ளைதான் அவளுக்குக் காபி போடுவார். அவள் வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்த் தொட்டிச் செடிக்கு ஊற்றிவிட்டு, துடைத்த முகத்தோடு வருவாள். "நல்லா இருந்துச்சா?" என்பார் அவர். "ம்" என்பாள். ஒரு வாரம் காபி குடித்தும் செடி தளதளவென்றுதான் இருந்தது. மாப்பிள்ளை நிரபராதி என்பதற்கு அதுவே முதல் சாட்சி. நான் அதைக் கவனித்தேன். வெளியே சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை ஒரு படிவத்தோடு வந்தார். "உன் பேர்ல ஒரு ஆயுள் காப்பீடு எடுக்கலாம்னு எங்கப்பா சொல்லிக்கிட்டே இருக்கார். இங்க ஒரு கையெழுத்து போட்டுடு."

அறுபது பாகங்களில் பதினெட்டு, சரியாக இந்தக் கையெழுத்தில்தான் தொடங்குகின்றன. மகள் பேனாவை மூடி வைத்தாள். "அப்புறம் போடறேன்" என்றாள். வியாழக்கிழமை மாலை என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"வேற ஊர் ஆஸ்பத்திரியில வேலை கேட்டிருந்தேன், கிடைச்சிருச்சு. ஞாயித்துக்கிழமை கிளம்பறேன். நான் திரும்பி வரமாட்டேன்ப்பா. அவர்கிட்ட இப்ப சொல்லாதீங்க."

ஏழு வருடக் குடித்தனம். என் ஒரு வார்த்தையில் அது நிற்கும் என்று எனக்குத் தெரியும். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனால் இன்னும் நான்கு பாகம் மிச்சம் இருந்தது. நீங்கள் கேட்கலாம், உண்மையைச் சொல்லிவிட்டு வேறு ப்ரொஃபைலில் மிச்சத்தைப் பார்த்திருக்கலாமே என்று. அது அப்படி இல்லை. வேறு ப்ரொஃபைலில் விட்ட இடம் அதற்குத் தெரியாது. அங்கே போய் ஐம்பத்தாறு பாகம் எண்ணித் தள்ள வேண்டும். மேலும், அவள் ரயில் ஞாயிற்றுக்கிழமைதான். வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குத் தொடர் முடிந்துவிடும். அவசரம் என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை முடிந்தது. கடைசிப் பாகம் சுமார்.

சனிக்கிழமை காலை மாப்பிள்ளை கட்டிலடியில் மகள் கட்டி வைத்திருந்த பெட்டியைப் பார்த்து, கூடத்துக்கு இழுத்து வந்தார். சம்பந்தியைக் கூப்பிட்டார்கள். நான்கு பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை போட்ட காபி மேசைமேல் ஆறிக்கொண்டிருந்தது. மகள் டிவியில் பார்வைப் பட்டியலைத் திறந்தாள், தேதியோடு.

"இதெல்லாம் நான் பாக்கவே இல்ல" என்றார் மாப்பிள்ளை. அவர் முகத்தைப் பார்த்தால் லிஃப்ட் கயிறு அறுந்த மாதிரி இருந்தது.

"நான்தான் பாத்தேன்" என்றேன் அமைதியாக. "அறுபதும் நான்தான். எறும்பு, பனிப்பாறை எல்லாம் பொய்."

யாரும் நம்பவில்லை. புலி வருது கதையில் நிஜப் புலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆதாரம் என்ன?" என்றார் சம்பந்தி, வழக்கமான குரலில். ஆனால் வழக்கத்துக்கு மாறாகத் தரையைப் பார்த்தபடி.

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, என் வாழ்க்கை கெட்டுடக் கூடாதுன்னு நீங்க பழி ஏத்துக்கறீங்க. சரி, சொல்லுங்க. பன்னிரண்டாவது பாகத்துல கொன்னது யாரு?"

எனக்கு ஞாபகமே இல்லை. சந்தேகம் வந்தால் தோட்டக்காரன் என்று வைத்துக்கொள்வது வழக்கம். "தோட்டக்காரன்" என்றேன்.

அவள் அந்தப் பாகத்தின் கதைச்சுருக்கத்தைத் திறந்து பார்த்தாள். "அதுல தோட்டமே இல்லப்பா. எட்டாவது மாடி வீடு." பிறகு தேதியைக் காட்டினாள். "அது ஓடினது புதன்கிழமை. ஒவ்வொரு புதனும் நாலு பாகம் ஓடிருக்கு. புதன்கிழமை நீங்க முட்டிவலிக்குச் சிகிச்சைக்குப் போயிட்டு ரெண்டு மணிக்குத்தான் வருவீங்க. அன்னிக்கு இந்தக் கட்டடத்து லிஃப்டைப் பாக்க வந்து, மதியம் வீட்டுக்கு வர்ற ஒரே ஆள் இவர்தான்."

என் வாக்குமூலம் அந்தப் புதன்கிழமையில் மண்ணைக் கவ்வியது. முப்பத்து நான்கு வருடம் அடுத்தவர் தராசில் பிழை பிடித்தவனுக்கு, வாரத்துக்கு நான்கு பாகம் குறைவது தெரியவில்லை.

மகள் எழுந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். மாப்பிள்ளை அசையவில்லை. "எதைச் சொன்னா நீ நம்புவே?" என்று மட்டும் கேட்டார். அவள் கைப்பிடியை விடவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இரண்டு வாரத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை காலை நடையில், சம்பந்தி காரணமே இல்லாமல் தலைமையாசிரியையிடம் சொன்னார்: "ஆஸ்பத்திரியில சேர்ந்தா, நர்ஸ் குடுக்கற மாத்திரையை ரெண்டு தடவை பாத்துட்டு முழுங்குங்க." வரலாறு படிப்பவர் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டோம்.

நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நர்ஸும்மா" என்றார்.

"என்ன மாமா?"

"பன்னிரண்டாவதுல கொன்னது நர்ஸு. மாத்திரையை மாத்திக் குடுத்துட்டா. புருஷன் பாவம், அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

மகள் பெட்டியை விட்டுவிட்டு நின்றாள். மாப்பிள்ளை தன் தகப்பனாரை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். சம்பந்தி இடுப்பு மடிப்பிலிருந்து எங்கள் வீட்டு மாற்றுச் சாவியை எடுத்து, சத்தம் வராமல் மேசைமேல் வைத்தார்.

"எறும்புப் படம் பாக்கலாம்னு ஒருநாள் வந்தேன். டிவியைப் போட்டா இது நின்னுது" என்றார்.

"அப்ப நூலகம்?" என்றேன் நான். விசாரணையில் நானும் ஒரு கேள்வி கேட்க வேண்டாமா.

அவர் மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். மகள் மெல்ல உட்கார்ந்தாள். மேசைமேல் ஆறிப்போயிருந்த காபியை எடுத்து ஒரு வாய் குடித்தாள். மாப்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் இரண்டாவது வாயும் குடித்தாள்.

சம்பந்தி அதற்குப் பிறகுதான் தலையை நிமிர்த்தினார்.

"உங்க அப்பா அறுபது பாக்கலைம்மா, நாப்பத்தெட்டுதான். பன்னிரண்டு என்னுது, குறைஞ்ச வேர்க்கடலையும் நான் தின்னதுதான். மத்தபடி இந்த மனுஷன் சொன்னது அத்தனையும் நிஜம்."