கசங்காத அலை

எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம். மற்றபடி நீங்கள் என்னை நன்றாகத்தான் கவனித்துக்கொள்கிறீர்கள்.

அக்காவின் கணவர் எல்இடி விளக்குப் பட்டறை நடத்தினார். விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் சர்க்யூட் பலகைகளை வடிவமைப்பது என் வேலை. மலிவான பலகை லைனிலிருந்து கரண்டை ஒழுங்காக இழுக்காது. மின்சார அலையின் உச்சியில் மட்டும் பாய்ந்து பிடுங்கும். அலையைக் காட்டும் கருவியின் திரையில் பார்த்தால் ஊசி ஊசியாக நிற்கும். ஒரு விளக்கில் ஒன்றும் தெரியாது. கட்டடம் முழுக்க மாட்டினால் ஒயர் சூடேறும். இதைச் சரிசெய்ய என் பலகையில் தனியாக ஒரு பகுதி உண்டு. அதில் கரண்ட் இஸ்திரி போட்டதுபோல் ஓடும்.

அத்தான் அந்தப் பகுதியை எடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். "இது இல்லாமலும் விளக்கு எரியுதுல்ல? அப்புறம் எதுக்கு மச்சான்?" என்பார். தங்கமான மனிதர், கோபமே வராது. எனக்கும் வரவில்லை.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அடுத்த பலகையில் ஒரு ரெசிஸ்டரை எடுத்துவிட்டேன். விளக்கை அணைத்தபின் பெரிய கபாசிட்டரில் தங்கும் நானூறு வோல்ட்டை மெல்ல வடிப்பது அதுதான். அது இல்லாமலும் விளக்கு எரிந்தது. பிளக்கைப் பிடுங்கி, பலகையின் ஓரத்தைப் பிடித்து அவரிடம் நீட்டினேன்.

"தொட்டுப் பாருங்க அத்தான், சூடே இல்ல."

அவருக்கு ஏற்கெனவே இதயம் பலவீனம். இறப்புச் சான்றிதழில் டாக்டரும் அப்படித்தான் எழுதினார்.

அம்மா போனபின் என்னை வளர்த்தவள் அக்கா. அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தேன். பட்டறையில் என் பலகை அந்தப் பகுதியோடு தயாராகத் தொடங்கியது. கொஞ்ச காலம் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு ஒருநாள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அக்கா சொன்னாள்: "அவரு ஆசைப்பட்ட மாதிரியே அந்தப் பகுதிய எடுத்துடலாம்டா. அவருக்கு நாம செய்ய வேற என்ன இருக்கு?"

சரி என்றேன். அவளை நான் எதிர்த்துப் பேசியதே இல்லை.

மறுநாள் காலை அக்காவின் மேசையில் இருந்த பலகையை, பரிசோதனைப் பிரிவில் இருக்கும் பெண் முதலில் பார்த்துவிட்டாள். கபாசிட்டரை வடிக்காமல் அவள் எதையும் தொடமாட்டாள். அப்படிப் பழக்கியது நான்தான். வடித்தபோது பொறி பறந்தது, ரெசிஸ்டர் இல்லாததைக் கண்டுபிடித்தாள். அத்தான் கையிலிருந்து விழுந்த பலகையிலும் இதே ரெசிஸ்டர் இல்லை என்பது அவள் கண்ணில்தான் பட்டது. நல்ல வேலைக்காரி.

ஆக, அத்தானைக் கொன்றது நான். அதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அக்காவையும் கொல்லப் பார்த்தேன் என்று எழுதியிருப்பதை மட்டும் அடித்துவிடுங்கள். மேசைமேல் வைத்தேன், அவ்வளவுதான். அத்தானிடம் சொன்னதுபோல் அவளிடம் தொட்டுப் பார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவள்.