கூடின சுவருக்கு வரி உண்டு, கூடின ஆளுக்கு இல்லை
வருவாய் ஆய்வாளர் நீலாம்பாள் அம்மையாருக்குப் பணிநிறைவில் படைத்த பாராட்டு மடல்

பொதிகையில் பிறந்து, புன்னைக்காயலில் கடல்புகும் பொருநையாள், பொன்வெயிலைப் போர்த்திக்கொண்டு பாதி உறக்கத்தில் நடப்பதுபோல் நகரும் இம்மாலையில், முப்பத்து நான்கு ஆண்டுகள் அளவுநாடாவைக் கையிலும் அறத்தை நெஞ்சிலும் ஏந்தி, எங்கள் பேரூராட்சியின் தெருவெல்லாம் நடந்தே அளந்த நல்லீர்! நீட்டி அளந்தாலும் நெஞ்சம் குறுகாத நேர்மையீர்! நீலாம்பாள் எனும் நிறைபெயர் கொண்ட அம்மையீர்! எங்கள் அனைவர்க்கும் அக்காவே! வணக்கம்.

தங்கள் புகழைப் பாட இம்மாலை போதாது. ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. தனித்தே வாழ்ந்த தாங்கள், வள்ளியூரில் தம்பி முத்துமாலை தம் வீட்டின் பின்புறம் தங்களுக்கெனக் கட்டிய அறையில் இனிக் குடியிருக்கப் போகிறீர்கள். சென்ற மாதம் மதிய உணவுவேளையில், சோற்றுப் பாத்திரத்தை மூடியபடி, வரித்தண்டல் பணியாளர் ஜெய்சனிடம் மெல்லச் சொன்னீர்கள்: “நானும் இனிமே ஒரு கூடுதல் ரூம்தாம்லே ஜெய்சா. சதுர அடியில சேர்த்துக்கிடுவாவ. சோத்துல சேர்ப்பாவளோ என்னமோ.”

அந்த ஒரு சொல் எங்களை உறங்கவிடவில்லை. இம்மடல் அதற்கான மறுமொழி.

கதை சொல்லித் தொடங்குவது இதை வரைந்தவரின் பழைய வழக்கம், பொறுத்தருள்க. ஆற்றங்கரைப் பனையொன்றில் தூக்கணாங்குருவிக் குடும்பம் ஒன்று வாழ்ந்தது. சிறகொடிந்த தங்கைக்குருவி ஒருநாள் வந்து சேர, அண்ணன்குருவி தன் கூட்டோடு இன்னொரு குடுவையைச் சேர்த்துப் பின்னியது. தோப்புக்கு வரி தண்டும் காகம் வந்தது, அண்ணாந்து பார்த்தது. “வாசல் இரண்டு, ஆகவே கூடு இரண்டு, கதிரும் இரண்டு கொடு” என்றது. தன்னால்தானே இந்தச் சுமை என்று தங்கைக்குருவி ஒடிந்த சிறகோடு பறக்கத் துணிந்தது. அப்போது பனை பேசியது: “காகமே, நீ வாசலை எண்ணுகிறாய், நான் எடையைச் சுமக்கிறேன். கூடியது ஒரு பிடிப் புல். தொங்குவதோ ஒரே நாரில்.” காகம் நாணியது, அன்றே தன் எண்ணும் முறையை மாற்றிக்கொண்டது.

அம்மையீர், அந்தக் காகம் தாங்களே! சினவற்க. “என் நல்லத எழுதுனா என் தப்பையும் எழுதணும், இல்லன்னா அந்த மடலச் சட்டம் போட்டு நான் சுவர்ல மாட்ட மாட்டேன்” என்று ஆணையிட்டவரும் தாங்களே.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு நோன்பு மாதத்து நண்பகல். துணிக்கடை நூர்முகம்மது, கணவரை இழந்து திரும்பிவந்த தங்கை ஷம்ஸியாவுக்காக வீட்டின் பக்கவாட்டில் ஓர் அறையும் சிறு சமையற்கட்டும் தனி வாசலும் கட்டியிருந்தார். அளக்கப் போனீர்கள். வாசல் இரண்டு, அடுப்பு இரண்டு என்று குறித்தீர்கள். நோன்பு நாள் ஆதலால் இரண்டு அடுப்பும் குளிர்ந்து கிடந்தன. எந்த அடுப்பின் சோறு எந்தத் தட்டுக்குப் போகிறது என்று காட்ட ஒரு பருக்கையும் இல்லை. தனி வாசலும் தனி அடுப்பும் இருந்தால் அது வேறு குடியிருப்பு என்பது அந்நாளைய அலுவலக வழக்கம். அதன்படி அவ்வறைக்குத் தனி வரிவிதிப்பு எண் இட்டு, குடியிருப்பவர் என்ற இடத்தில் ‘வாடகைதாரர்’ என்றும் எழுதினீர்கள்.

பத்தாம் நாள் நூர்முகம்மது அறிவிப்புத் தாளோடு வந்து நின்றார். “வரி கூடட்டும்மா, கட்டுதேன். எந்தங்கச்சிய வாடகைக்காரின்னு எழுதிப்புட்டியளே, அத நான் எங்கன போயிக் கட்டுவேன்? அவ பெட்டிய கட்டிட்டா. வள்ளியூர்ல ஒரு தையல்கடையில வேலையும் தங்க எடமும் கேட்டிருக்கா. பெருநாள் முடிஞ்சதும் போறாளாம்.”

வேறொருவராயின் ‘மேல்முறையீடு செய்க’ என்றொரு படிவத்தை நீட்டியிருப்பார். தாங்களோ அன்று மாலையே அவ்வீட்டுக்கு நடந்தீர்கள். நோன்பு திறக்கும் நேரம். வாய்க்காலின் மேல் புகைபோலப் பனி படர, பாங்கொலி எங்கோ கனவில் கேட்பதுபோல் மிதந்து வர, ஷம்ஸியாவின் சமையற்கட்டில் நின்றீர்கள். மூலையில் கட்டிய பெட்டி. அவர் தலைநிமிராமல் சொன்னார்: “ஒங்க நோட்டீஸ்ல எம் பேரே இல்லியே. இத்தன நாளு நான் இந்த வீட்டுல யாருன்னு யோசிச்சதே இல்ல. இப்பம் யோசிக்கேன்.”

அவ்வேளை சுவருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அண்ணன் மனைவி நஸீமாவின் குரல்!

“ஏ வாடகைக்காரி! கஞ்சி ஆறுது, சட்டிய நீட்டு! வாடகைக்கு ரெண்டு பேரீச்சம்பழத்த இங்கன தள்ளு!”

“மைனி, ஆபீசர் அம்மா நிக்காவ…” என்றார் ஷம்ஸியா, அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே.

“நிக்கட்டும்! அவுகளுக்கும் ஒரு சட்டி நீட்டு. கஞ்சிக்கு வரி போடுவாவளான்னு கேளு!”

அப்போதுதான் கண்டீர்கள்: இரு சமையற்கட்டுகளுக்கும் நடுச்சுவரில் கதவில்லாத ஒரு திறப்பு. அதன் வழியே வளையணிந்த ஒரு கை. கையில் ஆவி பறக்கும் கஞ்சிச் சட்டி. பகல் வெளிச்சத்தில் சுவர்மாடம் என்றெண்ணித் தாண்டிப் போன திறப்பு அது. கஞ்சியை வாங்கிக் குடித்தீர்கள். பிறகு நாடாவை எடுத்து அத்திறப்பை அளந்தீர்கள்: ஒன்றேகால் அடி அகலம், ஓரடி உயரம்.

மறுநாள் தங்கள் குறிப்பு மேலதிகாரியின் மேசைக்குப் போனது. “நடுச்சுவரில் கதவில்லாத திறப்பு உள்ளது. உணவு இதன் வழியே செல்கிறது. ஆகவே ஒரே குடும்பம். ஒரே எண் போதும். முன்னர் எழுதியது என் பிழை.” இதற்கு விதி எங்கே என்று அவர் வினவ, தாங்கள் சொன்ன விடை இன்றும் இவ்வலுவலகத்தில் உலவுகிறது: “சீவலப்பேரியில சிற்றாறு வந்து சேருது சார். ஆறு அகலமாகுது. அதுக்காக ஆத்துக்கு ரெண்டு நம்பரா குடுக்கோம்?”

சலுகை என ஒன்றும் தரவில்லை தாங்கள்! கூடிய நூற்றெண்பது சதுர அடிக்கு உரிய வரியை ஓர் அடியும் குறையாமல் விதித்தீர்கள். “கூடின சுவருக்கு வரி உண்டு, கூடின ஆளுக்கு இல்ல” என்றீர்கள். நூர்முகம்மது மகிழ்ந்து கட்டினார். ஷம்ஸியா பெட்டியை அவிழ்த்தார்.

அன்று முதல், விரிவாக்கிய வீடெதுவாயினும் தங்கள் முதற்கேள்வி ஒன்றே: “இங்கன சோறு எங்கன இருந்து வருது?” மாடியில் வாடகைக்கு வைத்தவரைச் சித்தப்பா மகன் என்று சொன்ன அண்ணாச்சி ஒருவர், இக்கேள்விக்கு அந்தச் ‘சித்தப்பா மகனே’ முந்திக்கொண்டு “ஓட்டல்ல இருந்து” என்றதும் விழித்த விழிப்பை நாங்கள் எப்படி மறப்போம்! மகனுக்கு மணமாகி மாடி எழுப்பியவரும், நடக்க இயலாத தந்தைக்குக் கீழே அறை சேர்த்தவரும், அளவுநாடாவைக் கண்டு அஞ்சாமல் தங்களை வீட்டுக்குள் அழைத்தனர். மறைக்காமல் சொன்னவர் பெருகினர், மனக்கசப்பு அருகியது.

இனி, தாங்கள் அறியாத ஒன்று.

தங்கள் சொல்லை ஜெய்சனால் நெஞ்சில் வைத்திருக்க முடியவில்லை. வரி கட்ட வந்த ஷம்ஸியாவிடம் சொல்லிவிட்டார். ஷம்ஸியா இரசீதை வாங்கிக்கொண்டு மறுநாள் பேருந்தேறினார். அன்று பெட்டியோடு போகவிருந்த அதே வள்ளியூருக்கு, இம்முறை வெறுங்கையோடு! தங்கள் தம்பி மனைவி ஆறுமுகத்தாயைக் கண்டு, கஞ்சிச் சட்டியின் கதையைச் சொல்லிவிட்டு மாலையே வீடு திரும்பினார்.

சென்ற ஞாயிறன்று ஆறுமுகத்தாய் அழைத்ததால் ஜெய்சன் அங்கே போனார். தங்கள் புதிய அறைக்கும் அவர்தம் சமையற்கட்டுக்கும் நடுவே சுவர் உடைக்கப்பட்டு, விளிம்பு பூசப்பட்டு, ஈரம் காயாதிருந்தது. “எங்க மைனிகிட்ட, அதான் ஒங்க அக்காகிட்ட, சொல்லாதீய. வந்து பாக்கட்டும். அளவு சரியான்னு மட்டும் பாருங்க” என்றாராம் அவர். ஜெய்சன் தங்கள் பழைய நாடாவால் அளந்தார்.

ஒன்றேகால் அடி அகலம். ஓரடி உயரம். கதவில்லை.

அளந்தவரே, தாங்கள் அளக்கப்பட்டீர்கள். கூடுதல் அல்லர் என்று கண்டோம்! பொருநை நீர் வற்றாத நாளெல்லாம், பொழுதும் உடலும் உள்ளமும் தங்களுக்கு இனிதாகுக! சட்டமிட்ட இம்மடலை அத்திறப்பின் மேலே மாட்டுங்கள். நாளை நண்பகல் சுவருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்கும். எழுந்து சட்டியை நீட்டுங்கள், அக்கா. சோறு அங்கன இருந்துதான் வருது.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
பேரூராட்சி அலுவலகப் பணியாளர்கள்