நமக்கு நாளைக்கு நாற்பத்தாறு

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ். மே மாத மதியம். கம்பியைத் தொட முடியவில்லை. எனக்கு முன்சீட்டில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் இருவர். ஜன்னலோரம் இருந்த இளையவள் போனைப் பார்த்துச் சொன்னாள்:

"நமக்கு நாளைக்கு நாப்பத்தாறு டிகிரியாம்க்கா. மணல்காத்தும் அடிக்குமாம்."

"ஏட்டி பாத்திமா, நம்மூர்ல ஏதுட்டி மணல்காத்து?"

"போன்ல நான் வச்சிருக்கது குவைத்துக்கா, எங்க வீட்டுக்காரவுக இருக்க எடம். நாள் பூரா வெயில்ல கட்டட வேலை. கேட்டா, 'இங்க குளுகுளுன்னு இருக்கு'ம்பாக. அடுத்த வாரம் இன்னும் ஏறும்னு போட்டிருக்கு."

"நீ என்ன சொல்லுவ?"

"நம்புன மாதிரி உம் கொட்டுவேன். கழுத்துல நனைச்சுக் கட்டிக்கிடட்டும்னு கம்பெனில கட்டுப் போடுற காஸ் துணி கேட்டு வாங்கி, ஓரம் அடிச்சு, அங்க போறவுககிட்ட குடுத்துவிட்டேன்."

"என்ன துணின்னு சொன்ன?"

"கைக்குட்டைன்னு."

பாத்திமாவின் போன் அடித்தது.

"சொல்லுங்க. இங்கயா? நல்ல மழைங்க. ஜன்னலைச் சாத்திட்டுத்தான் ஒக்காந்திருக்கேன்."

வெயில் அவள் மடியில் கிடந்தது. போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"முப்பத்தொம்பதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? நீங்களும் போன்ல நம்மூரைத்தான் வச்சிருக்கீகளா?"